மெருகும் சான்றும் – பழைய துவிச்சக்கர வண்டியின் மேற்பூச்சு பற்றிய ஓர் ஆராய்வு

வரலாற்றுச் சான்று என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் ஓலைச்சுவடியுமே கற்றோர் நினைவில் முந்தி நிற்கின்றன. மக்கள் நாளும் கையாண்டு தேய்த்த பொருள்களின் மேற்பரப்பும் ஒரு சான்றே என்பதை ஒப்புக்கொள்வோர் மிகச் சிலர். எழுபது எண்பது ஆண்டுப் பழமையுடைய துவிச்சக்கர வண்டியொன்று ஏதேனும் ஒரு வீட்டின் பின் விறாந்தையிலிருந்து வெளியே எடுக்கப்படுமாயின், உடையவர் முதலிற் செய்விப்பது யாது? அதன் மேனியை அரத்தாளால் உரசி வெறும் இரும்பாக்குவித்து, புதிய எனாமல் பூசுவித்து, கைபிடிக்கும் முன்கவைக்கும் குரோமிய முலாம் இடுவிப்பதேயாம். சில நாளில் வண்டி கண்ணாடிபோல் ஒளிர்கின்றது, காண்பவரும் வியக்கின்றனர். ஆயின் அவ்வொளி எக்காலத்துக்குரியது என்று வினவுவார் இலர். அவ்வினாவை எழுப்பின், ஓர் இரும்புச் சட்டகத்தின் மேல் மயிரிழையினும் மெல்லியதாய்ப் படிந்து கிடக்கும் பூச்சுக்கு நீண்ட வரலாறு ஒன்று உண்டென்பது புலனாகும்.

முதற்கண் சொல்லை ஆராய்தல் தகும். ஆங்கிலத்தில் 'லக்கர்' என வழங்குஞ் சொல் 'லாக்ஷா' என்னும் வடசொல்லின் வழிவந்தது. லாக்ஷா தமிழில் அரக்கு எனப்படும். பாண்டவரை எரித்துக் கொல்லுமாறு சமைத்த அரக்கு மாளிகையைப் பாரதக் கதை கேட்டோர் யாவரும் அறிவர். மரக்கொம்புகளிற் குடியேறும் சிறு பூச்சியொன்று சுரக்கும் பிசினே அது. மாத்தளைப் பகுதிச் சிங்களக் கைவினைஞர் கைத்தடிகளில் ஏற்றும் வண்ண மெருகும் இவ்வரக்கினாலாயதே. ஆனால் சீனரும் யப்பானியரும் தம் பேழைகளுக்கு இட்ட கருமெருகு பூச்சியிலிருந்து பெறப்பட்டதன்று. 'உருசி' எனப்படும் அது ஒருவகை மரத்தின் பால். அம்மரப்பால் வெயிலில் உலர்வதில்லை; ஈரங்கசியும் அறையிலேயே இறுகிக் கல்லாகின்றது. இவ்விந்தைக்குக் காரணமாயுள்ள நொதியத்தை யோசிதா என்னும் யப்பானிய இரசாயன அறிஞர் 1883-இல் வெளிப்படுத்தினார். இவ்விரண்டுக்கும் புறம்பான மூன்றாவது பொருளொன்றும் இன்று லக்கர் என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது. அது நைத்திரோசெலுலோசினால் ஆனது. 1923-இல் அமெரிக்காவின் டுப்பொன் நிறுவனம் 'டூக்கோ' என்னும் பெயரில் மோட்டார் வண்டிகளுக்கென அதனை வெளியிட்டது. பூச்சி, மரம், பஞ்சு என மூன்றிடத்துப் பிறந்த மூன்று பொருள்கள் ஒரே பெயரால் வழங்குவதனாலேயே பழைய வண்டியைப் புதுப்பிப்போர் பெரிதும் இடர்ப்படுகின்றனர். ஒன்றைக் கரைக்கும் திரவம் மற்றொன்றைத் தீண்டுவதில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் கீழைத்தேயக் கருமெருகுப் பேழைகள் கப்பலேறி ஐரோப்பாவை அடைந்தபோது ஆங்குள்ள செல்வர் அவற்றின்மீது பெருமோகங் கொண்டனர். மரமோ ஐரோப்பாவில் இல்லை. பாலும் நெடுங்கடற் பயணத்தைத் தாங்கவில்லை. எனவே போலி செய்யும் முயற்சி எழுந்தது. 1688-இல் ஸ்ரோக்கர், பார்க்கர் என்னும் இருவர் இக்கலையைக் கற்பிக்கும் நூலொன்றை ஒக்ஸ்போட்டில் வெளியிட்டனர். ஆங்கிலேயர் இத்தொழிலுக்கு யப்பான் நாட்டின் பெயரையே வினைச்சொல்லாக்கினர். வேல்ஸ் நாட்டுப் பொன்ரிபூலில் ஓல்குட் குடும்பத்தார் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டின்மேல் இம்மெருகை ஏற்றிச் சூளையிற் சுட்டு நிலைபெறச் செய்தனர். மரத்துக்குரியதாயிருந்த மெருகு இரும்புக்கு உரியதாயிற்று; பிற்காலத்துத் துவிச்சக்கர வண்டிக்கு வழி அங்கேதான் திறந்தது எனலாம். பின்னர் பேர்மிங்காம், பில்ஸ்ரன், வுல்வர்ஹாம்ப்ரன் ஆகிய ஊர்கள் இத்தொழிலின் நிலைக்களங்களாயின. அச்செழுத்து வடிவமைப்பால் உலகப் புகழ்பெற்ற ஜோன் பாஸ்கர்வில் தம் பொருளை ஈட்டியது எழுத்தால் அன்று, பேர்மிங்காமில் நடத்திய இம்மெருகுத் தொழிலாலேயே என்பது பலரும் அறியாதது.

இப்போலி மெருகின் உள்ளடக்கம் எளியது. நிலக்கீலை ஆளிவிதை எண்ணெயோடு காய்ச்சி, டேர்பன்டைன் கொண்டு இளக்கி, தகட்டின்மேல் மெல்லெனப் பூசிச் சூளையில் வைப்பர். வெம்மையில் எண்ணெய் ஒட்சிசனை ஏற்று இறுகும். ஆறியபின் நுண்பொடியால் உராய்ந்து மட்டஞ்செய்து, மறுபடியும் பூசி, மறுபடியுஞ் சுடுவர். இவ்வாறு பலமுறை செய்தபின் எஞ்சும் கருமை வெறும் நிறமன்று. பார்வை உள்ளே இறங்குமாறு ஆழமுடையதொன்று. பழைய வண்டிகள் பெரும்பாலும் கறுப்பாயிருப்பதற்குக் காரணம் ஆங்கிலேயரின் துயர்படு சுவை எனச் சிலர் நகைப்பர். உண்மை அதுவன்று. நிலக்கீல் கரியது, அக்காலத்துப் பூச்சுக்களுள் அதனினும் உறுதியும் மலிவும் உடையது வேறில்லை. வண்ணம் வேண்டுவோர் உறுதியிற் சிறிது இழக்க வேண்டியிருந்தது.

மெருகுத் தொழிலிலிருந்து துவிச்சக்கர வண்டி பிறந்த வரலாற்றை ஒரு மனிதரின் வாழ்க்கையிலேயே காணலாம். 1836-இற் பிறந்த ஜோன் மாஸ்ரன், இளமையில் வுல்வர்ஹாம்ப்ரனிலுள்ள எட்வேட் பெரி என்னும் மெருகுத் தொழிலதிபரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். 1859-இல் பில்ஸ்ரனில் தனியே தொழில் தொடங்கினார். 1871-இல் தம் பழைய ஆசானின் தொழிற்சாலையும் அவர் கைக்கு வந்தது. அத்தொழிற்சாலையின் பெயர் 'ஜெட்டோ'. யப்பானியத் தலைநகராகிய தோக்கியோவின் பழம்பெயராகிய யெடோ என்பதன் ஆங்கில வடிவமே அது. கண்ணாற் காணாத நகரின் பெயரைத் தம் கூடத்துக்கு இட்டுக்கொண்ட அம்மெருகுக்காரரின் பெருமிதம் சிந்தித்தற்குரியது.

எனினும் அப்போது மெருகுத் தட்டங்களின் காலம் சாய்ந்துகொண்டிருந்தது. பேர்மிங்காமின் எல்கிங்ரன் குடும்பத்தார் 1840-இல் மின்முலாமிடலுக்கு உரிமம் பெற்றபின், வெள்ளி முலாமிட்ட தட்டங்கள் நடுத்தரக் குடும்பங்களின் மேசைக்கும் வந்துசேர்ந்தன. கருமெருகுத் தட்டங்களை வாங்குவார் குறைந்தனர். சூளையும் கைவினைஞரும் இருந்தும் விற்கும் பொருள் இல்லாத நிலை உண்டாயிற்று. அவ்வேளையில் 1885-இல் கொவென்றி நகரில் ஜே. கே. ஸ்ராலி வெளியிட்ட 'ரோவர்' வண்டி, இரு சக்கரமும் ஏறத்தாழ ஒத்த அளவுடையதாய், சங்கிலியால் பின்சக்கரம் சுழல்வதாய் அமைந்தது. இன்றைய வண்டியின் உருவம் அதுவே. 1888-இல் டன்லொப்பின் காற்றடைத்த ரயரும் வந்துசேர்ந்தது. மழையிலும் சேற்றிலும் ஓடவேண்டிய இரும்புக் குழாய்களுக்கு உறுதியான பூச்சு வேண்டும். அப்பூச்சை நன்கறிந்தவர் வுல்வர்ஹாம்ப்ரன் மெருகுக்காரர். மாஸ்ரன் 1887-இல் வண்டி செய்யத் தொடங்கினார். முதல் வண்டியின் மெருகில் ஞாயிற்றின் ஒளி தெறித்ததைக் கண்டு அவர் மனைவியாரே 'சன்பீம்' என்னும் பெயரைக் கூறினார் என்று ஒரு செய்தி வழங்குகின்றது. அது மெய்யோ புனைவோ, அப்பெயர் இயந்திரத்துக்கு இட்டதன்று, மெருகுக்கு இட்டது என்பதை மறுத்தல் அரிது.

சன்பீம் வண்டி கறுப்பும் பொன்னுமாய் விளங்கியது. பலமுறை பூசிச் சுட்ட கருமையின் மேல் பொற்கோடுகள் ஓடின. எண்ணெய்ப் பெட்டியுள் மறைந்தோடும் சங்கிலி அதன் மற்றொரு சிறப்பு. இசைமேதை எட்வேட் எல்கார் 1900-இல் இவ்வண்டியொன்றை வாங்கி, ஞாயிற்றுத் தேவனின் பெயரால் அதனை அழைத்தார் என்பர். 1918-இல் மாஸ்ரன் இறந்தபின் நிறுவனம் பல கை மாறியது. 1937-இல் மோட்டார் சைக்கிள் நிறுவனமொன்றும் 1943-இல் பி.எஸ்.ஏ. நிறுவனமும் அதனை வாங்கின. பெயர் நெடுநாள் நின்றது. சூளையருகே நின்று பூசியும் உராய்ந்தும் கோடிழுத்தும் உழைத்த ஆடவர் பெண்டிருள் ஒருவர் பெயரும் எந்த வண்டியிலும் பொறிக்கப்படவில்லை. கோட்டின் தடிப்பு ஓரிடத்தில் மயிரளவு கூடுவதும், வளைவில் தூரிகை சற்றே தயங்கி நிற்பதும் அவர்களுடைய கையொப்பம் எனக் கொள்ளத்தக்கன. அரத்தாள் முதலில் அழிப்பது அதனையே.

இனி, ஒளிரும் உலோகப் பகுதிகளை நோக்குவோமாயின், இங்கே வரலாறு இருவேறு காலமாகப் பிரிகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முதற் கால்பகுதியிலும் வண்டிகளிற் காணப்பட்டது நிக்கல் முலாம். அமெரிக்காவில் போஸ்ரனைச் சேர்ந்த ஐசாக் அடம்ஸ் 1869-இற் பெற்ற உரிமத்தின் பின்னரே அது பெருந்தொழிலாயிற்று. நிக்கலின் ஒளி சற்றே மஞ்சள் சார்ந்தது. பழைய வெள்ளிப் பாத்திரத்தின் இளஞ்சூட்டை ஒத்தது. ஆனால் காற்றுப்பட்டு மங்கும் இயல்பினது, துடைத்துப் பேணவேண்டும். அத்தொல்லை வேண்டாதவர்க்கென, கைபிடிக்கு முலாமிடாது கரிய செலுலோயிட்டால் உறையிட்ட 'எல்லாக் காலநிலைக்குமுரிய' வண்டிகளையும் பிரித்தானியர் விற்றனர்.

குரோமியம் என்னும் தனிமத்தை வோக்லான் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1797-98-இலேயே கண்டறிந்திருந்தார். எனினும் அதனை முலாமாக்குதல் எளிதாயிருக்கவில்லை. நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பிங்க், எல்ட்ரிட்ஜ் ஆகியோர் 1924-இல் நடத்திய ஆய்வுகளே வழிதிறந்தன. 1926-இல் உரிமம் வழங்கப்பட்டது. குரோமிக்கமிலக் கரைசலில் நூற்றுக்கு ஒரு பங்கு சல்பூரிக்கமிலம் சேர்ந்திருத்தல் வேண்டும் என்பதே அதன் நுட்பம். மிகினும் குறையினும் முலாம் படியாது. 1920-களின் இறுதி முதல் பிரித்தானிய வண்டிகளிற் குரோமியம் இடம்பெறத் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளுள் நிக்கலைப் புறந்தள்ளியது. அதன் ஒளி நீலஞ் சார்ந்தது, குளிர்ந்தது, மங்காதது.

ஈண்டு ஒரு பொதுப் பிழையைத் திருத்துதல் வேண்டும். குரோமியமே இரும்பைக் கறளினின்று காக்கின்றது எனப் பலரும் கருதுவர். அழகுக்கென இடும் குரோமியப் படலம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லியது. நுண்ணிய வெடிப்புக்கள் நிறைந்தது. கறளைத் தடுப்பது அதன் அடியிற் பல மடங்கு தடிப்பாகக் கிடக்கும் நிக்கலே. குரோமியம் அந்நிக்கல் மங்காவண்ணம் போர்த்திய போர்வை மாத்திரமே. நிக்கலைச் சிக்கனஞ் செய்து குரோமியத்தை மட்டும் பளபளக்க இடும் பட்டறைகளின் வேலை ஈராண்டு மழைக்குத் தாங்காததன் காரணம் இதுவே.

அவ்வொளியின் விலை வண்டியின் விலைப்பட்டியலில் முழுவதும் அடங்கவில்லை. முலாமிடுந் தொட்டியிற் பாயும் மின்னோட்டத்தின் பெரும்பகுதி குரோமியத்தைப் படியச் செய்வதிலன்றி நீரைப் பிரித்து ஐதரசனை எழுப்புவதிலேயே செலவாகின்றது. மேலெழும் குமிழிகள் வெடித்து அமிலத்தைப் புகார்போல் தூவும். அதனைச் சுவாசித்த தொழிலாளர்க்கு மூக்கின் நடுத்தண்டு துளைபட்டது. கைகளில் ஆறாப் புண்கள் தோன்றின. 1931-இல் பிரித்தானிய அரசு இத்தொழிலுக்கெனத் தனி விதிகளை ஆக்கியது. 1990-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், அறுவலுக் குரோமியச் சேர்வைகளை மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பன என வகுத்தது. 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சிறப்பு அனுமதியின்றிக் குரோமியம் மூவொட்சைட்டைப் பயன்படுத்தல் தடைப்பட்டது. பழைய வண்டியின் பழைய முலாமைப் பேணவேண்டும் என்பார்க்கு இதுவும் ஒரு நியாயமாகும்.

மேற்கூறியவற்றால், மேற்பூச்சைக் கொண்டே ஒரு வண்டியின் காலத்தை ஓரளவு கணித்தல் கூடும் என்பது பெறப்படும். 1910-ஆம் ஆண்டு வண்டியிற் குரோமியம் பளபளப்பின் அது பிற்கால வேலை என ஐயமின்றித் துணியலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரித்தானிய வண்டிகளிற் கைபிடியும் றிம்மும் கறுப்பாகவே இருந்தன. உலோகங்கள் போருக்கு வேண்டப்பட்டமையே காரணம். அத்தகைய வண்டியொன்றைப் பெற்றவர், 'முலாம் உரிந்துவிட்டது போலும்' எனக் கருதிக் குரோமியம் இடுவிப்பாராயின், போர்க்காலச் சான்றொன்று அழகின் பெயரால் அழிந்துபோம். எனாமலின் அடியிலும் செய்தி உண்டு. பேர்மிங்காமில் கொஸ்லெற் என்பவர் 1906-இல் உரிமம் பெற்ற முறைப்படி, இரும்பைப் பொசுபோரிக்கமிலத்திற் காய்ச்சிக் கறள் ஏறாத அடிப்படலம் அமைத்தனர். போருக்குப் பிந்திய நொட்டிங்காம் றலி வண்டிகளின் சட்டகத்தில் 'ஸ்பிறே கிரனடைஸ்ட்' என ஒட்டியிருந்த சிறு சித்திரம் இம்முறையின் பிற்கால வடிவத்தையே குறித்தது. வெறும் இரும்பாகும்வரை உரசுபவர் அப்படலத்தையும் உரித்துவிடுகின்றார். பின்னர் இடும் பூச்சு எத்துணை விலையுயர்ந்ததாயினும் முன்னதன் பிடிப்பை எளிதிற் பெறாது.

குரோமியமும் லக்கரும் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்ந்த வண்டிகளிலேயே சிக்கல் மிகுதி. இத்தாலியப் பந்தய வண்டிகள் சிலவற்றின் சட்டகம் முழுவதும் குரோமிய முலாமிட்டு, அதன்மேல் ஒளி ஊடுருவும் வண்ண லக்கர் பூசினர். உள்ளிருந்து உலோகம் ஒளிர, மேலே செம்மையோ பசுமையோ கண்ணாடிபோல் படர்ந்திருக்கும். பிரித்தானியரும் வெள்ளி நிற அடிப்பூச்சின்மேல் வண்ண லக்கரிட்டு இதனையொத்த தோற்றத்தை ஆக்கினர். காண்டற்கினிய இம்மெருகு பேணற்கரியது. குரோமியம் வழுவழுப்பானது; லக்கர் அதனைப் பற்றிநில்லாது செதிள் செதிளாய்க் கழலும். வண்ணமும், சிறப்பாகச் செம்மை, வெயிலில் வெளிறும். ஆதலின் வெளித்தோற்றத்தை நம்பி வண்ணம் சேர்ப்பவர், வெளிறிய நிறத்தையே மூலநிறமாகக் கொண்டு ஏமாறுவர். வெயில் படாத இடங்களைத் தேடிப் பார்த்தலே முறை. விளக்குத் தாங்கியின் அடி, முன்னெற்றியில் ஆணியடித்த பித்தளைச் சின்னத்தின் பின்புறம், இருக்கைத் தண்டைப் பிணிக்கும் வளையத்தின் உட்பக்கம் ஆகிய இடங்களில் மூலநிறம் பெரும்பாலும் ஒரு விரல் நகத்தளவேனும் எஞ்சியிருக்கும்.

மீள முலாமிடுதலால் விளையும் கேட்டைச் சற்று விரித்துரைத்தல் பொருந்தும். பழைய முலாமை முதலிற் களையவேண்டும். குரோமியத்தை அமிலத்தாலோ, காரக் கரைசலில் மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டோ நீக்குவர். பின்னர் கறள் தின்ற குழிகள் மறையும்வரை இரும்பைச் சாணைச் சக்கரத்தில் தேய்ப்பர். தேயும்போது குழாய்களைக் கூட்டும் இணைப்புக் கூடுகளின் கூரிய விளிம்புகள் மழுங்குகின்றன. கைவினைஞன் அரத்தால் இழைத்த வடிவம் கரைந்துபோகின்றது. 1935-இல் வெளிவந்த ரெயினோல்ட்ஸ் 531 போன்ற உயர்ந்த குழாய்கள் நடுப்பகுதியில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த கனமுடையவை. அவற்றிற் சாணை பிடித்தல் ஓலைச்சுவடியின் எழுத்தைத் துலக்குவதற்காக ஓலையைச் சீவுவது போலாம். இஃது ஒருபுறமிருக்க, அமிலத் தொட்டியில் மூழ்கிய குழாயின் உள்ளே எஞ்சிய துளிகள், வெளியே ஒளி வீசிக்கொண்டிருக்க, உள்ளிருந்து இரும்பை அரிக்கின்றன. வலிமை மிக்க உருக்கினுள் ஐதரசன் புகுந்து அதனை நொறுங்குந் தன்மையதாக்குவதும் உண்டு. அதனைத் தவிர்க்க முலாமிட்டபின் நெடுநேரம் சூளையில் வைத்து ஐதரசனை வெளியேற்றுவர். இன்று பலரும் விரும்பும் தூள் பூச்சோ உறுதியானதாயினும் தடித்தது. நுண்ணிய விளிம்புகளை மெழுகி மறைத்து, எல்லா வண்டியையும் ஒரே முகமுடையதாக்கிவிடும்.

இதற்கு மாறாக உள்ள பேணுமுறை ஆரவாரமற்றது. சவர்க்கார நீராலும் மெல்லிய எண்ணெயாலும் பல்லாண்டு அழுக்கை நீக்குவர். குரோமியத்தின்மேற் கறட் புள்ளிகள் இருப்பின், நீரில் நனைத்த அலுமினியத் தாளால் மெல்லத் தேய்ப்பர். அலுமினியம் குரோமியத்தினும் மெதுவானதாகலின் கீறாது, கறளை மாத்திரம் வாங்கும். கருமெருகின் இடையிடையே கறள் தோன்றிய இடத்தில் ஒட்சாலிக்கமிலத்தின் ஐதான கரைசலைப் பயன்படுத்துவோர் உளர். அது நஞ்சாகலின் விழிப்பு வேண்டும். பொற்கோடுகளையும் ஒட்டுச் சித்திரங்களையும் எத்தகைய கரைப்பானும் அணுகலாகாது. மேலுள்ள வார்ணிசு கரைந்தால் சித்திரமும் அதனோடு போய்விடும். ஈற்றில் மெழுகுப் பூச்சு. பழைய வண்ணப் பூச்சுக்களில் ஈயம் கலந்திருத்தல் கூடுமாதலின், உலர்ந்த நிலையில் அரத்தாளிட்டுத் தூளெழுப்புதல் உடல்நலத்துக்கும் தீது. இவ்வாறு பேணப்பட்ட வண்டி புதியதுபோல் தோன்றாது. அதன் வயதுடையதாகவே தோன்றும்.

இவ்விரு முறைகளுக்கும் இடையிலுள்ள பூசல் துவிச்சக்கர வண்டியோடு தோன்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கப் புகுந்தோர் சுவர்களின் பழஞ்சாந்தைச் சுரண்டி எறிந்தபோது, வில்லியம் மொறிஸ் வெகுண்டெழுந்து 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். சுரண்டுதலை எதிர்ப்போர் எனும் பொருள்படும் பட்டப்பெயர் அச்சங்கத்துக்கு வாய்த்தது. 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும், ஊகம் தொடங்கும் இடத்திற் புதுப்பித்தல் நின்றுவிடவேண்டும் என்னும் கருத்தினை வலியுறுத்தியது. பிரித்தானியாவில் 1955-இல் அமைந்த பழந்துவிச்சக்கர வண்டிக் கழகம் போன்றவற்றைச் சார்ந்த ஆர்வலரிடையே இக்கருத்து நாளடைவில் வேரூன்றியது. எஞ்சிய பூச்சு அரைகுறையாயினும் முழுமையான புதுப்பூச்சினும் மதிப்புடையதென இன்று கருதுவோர் பலர்.

எனினும் மறுதரப்பினர் கூற்றையும் புறக்கணித்தலாகாது. யப்பானிலுள்ள இசே ஆலயம் இருபது ஆண்டுக்கு ஒருமுறை முற்றாகப் புதிதாய்க் கட்டப்படுகின்றது. 2013-இல் அறுபத்திரண்டாம் முறை அது நிகழ்ந்தது. ஆயினும் அதனைப் பழமையற்றதென எவரும் கூறார். நம்மவர் கோபுரங்களும் குடமுழுக்குதோறும் வண்ணம் புதுக்கப்படுகின்றன. ஆங்கு பேணப்படுவது பொருளன்று, தொழிலறிவு. சன்பீம் வண்டிக்கு நிலக்கீல் மெருகைப் பழைய முறைப்படி காய்ச்சி, பூசி, சுட்டு, கையாற் கோடிழுக்க வல்லார் ஒருவர் புதுப்பிப்பாராயின் அதனையும் வரலாற்றுத் தொண்டெனக் கொள்ளலாம். தீது எதுவெனின், முறையும் பழையதன்று பொருளும் பழையதன்று, தோற்றம் மாத்திரம் பழையதெனக் காட்டும் வேலை. நிக்கலிருந்த இடத்திற் குரோமியத்தையும், நிலக்கீலிருந்த இடத்திற் செயற்கைத் தூளையும் இட்டு, அதற்கு மூலநிலை எனப் பெயரிட்டு விற்பார் சந்தையில் மலிந்துள்ளனர்.

ஈழத்து வண்டிகளைப் பொறுத்தமட்டில் இவ்வினா வேறொரு வடிவம் பெறுகின்றது. யாழ்ப்பாணத்துத் தெருக்களிற் பல தலைமுறையாக ஓடிய றலி, ஹம்பர், றட்ஜ் வண்டிகள் அருங்காட்சிப் பொருள்கள் அல்ல. ஆசிரியரையும் மாணவரையும் கமக்காரரையும் சுமந்த உழைப்பாளிகள். உப்புக்காற்று அவற்றின் முலாமைத் தின்றது. உடையவர் கடையில் வாங்கிய எனாமலைத் தூரிகையாற் பூசினர். 1990-களிற் பொருளாதாரத் தடையால் எரிபொருள் அரிதாகியபோது குடாநாட்டின் போக்குவரத்தைப் பெரிதும் தாங்கியவை துவிச்சக்கர வண்டிகளே. விறகும் நோயாளரும் இடம்பெயர்ந்தோரின் மூட்டைகளும் அவற்றின்மேல் ஏறின. அக்காலத்துக் கயிறு உராய்ந்த தழும்பும், கிடைத்த வண்ணத்தைக் கொண்டு அவசரமாய்ப் பூசிய பூச்சும், அதன் அடியில் நொட்டிங்காமின் சூளை மெருகும் ஒரே குழாயில் அடுக்கடுக்காய் இருத்தல் கூடும். அவற்றுள் எது மூலம்? தொழிற்சாலையை விட்டு நீங்கிய நாளின் நிலையே மூலம் எனின், அவ்வண்டி இந்நாட்டில் வாழ்ந்த வாழ்வு முழுவதும் அழுக்கென்று ஆகிவிடும்.

பேணும் தொழிலில் வல்லோர் கையாளும் எளிய உபாயமொன்று உண்டு. மறைவான ஓரிடத்தில், பெரும்பாலும் மிதியச்சுப் பெட்டியின் அடிப்பக்கத்தில், மிக நுண்ணிய அரத்தாளால் ஒரு சிறு வட்டத்தைச் சாய்வாகத் தேய்ப்பர். கிணறு வெட்டும்போது மண்ணடுக்குகள் தோன்றுமாறு போல, மேற்பூச்சு, நடுப்பூச்சு, அடிப்பூச்சு, கறள்காப்புப் படலம், இரும்பு என்பன வளையம் வளையமாய்த் தோன்றும். அதனை அளவுகோலுடன் படமெடுத்து, வண்டியின் இலக்கத்தோடு குறித்து வைப்பர். அதன்பின் உடையவர் வற்புறுத்தி முழுச் சட்டகத்தையும் புதிதாய்ப் பூசுவிக்க நேரினும், அந்த ஒரு விரலகல இடத்தை மூடாது மெழுகிட்டு விட்டுவிடுவர்.